பக்கத்து நாற்காலிக்காரிக்கு அக்கா சொல்ற 10 டிப்ஸ்

என் முதல் கீமோ அன்னைக்குப் பக்கத்து நாற்காலியில இருந்த அம்மா, ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால கீறி என் கையில வச்சாங்க. "குமட்டுச்சுன்னா மோந்து பாரு. பேசாதே, கண்ணை மூடிக்கோ"ன்னாங்க. அவ்வளவுதான். தைரியம் சொல்லலை, தன் கதையை எடுத்து விடலை. அன்னைக்கு வீட்டு ஜனம் சொன்ன ஆறுதல் ஒண்ணுகூட இப்ப ஞாபகம் இல்லை. அந்த எலுமிச்சை வாசனை மட்டும் 9 வருஷமா மூக்கிலயே நிக்குது.

மார்பகப் புற்றுநோய் வந்தவளுக்கு, அதே நோய் வந்த இன்னொருத்தி செய்ற உதவி தனி. அதே தோழி வாயை விட்டா வர்ற கெடுதலும் தனி! ரெண்டையும் செஞ்சவ நான். அதனால உரிமையோட திட்டுறேன், கேட்டுக்கோ. மருந்து, வீடு, வேலைன்னு உனக்கு மூச்சு விட நேரம் இல்லைன்னு தெரியும். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

1. பேரைக் கேளு, ஸ்டேஜைக் கேட்காதே

உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் "உங்களுக்கு எந்த ஸ்டேஜ்? எத்தனை கீமோ?"ன்னு ஆரம்பிக்கிற பழக்கத்தை விடு. பேர்தான் ஒண்ணு, நோய் ஆளாளுக்கு வேற. ஒருத்தருக்கு ஹார்மோன் பாசிட்டிவ், வருஷக்கணக்குல மாத்திரை போடணும். இன்னொருத்தருக்கு ஹெர்-2 பாசிட்டிவ், அதுக்குத் தனி ஊசி. மூணாவது ஆளுக்கு இது ரெண்டுமே இல்லாத டிரிபிள் நெகட்டிவ். "அவளுக்கு 4 கீமோதான், எனக்கு ஏன் 16?"னு ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டு என்ன ஆகப் போகுது? அவங்களா சொன்னா கேட்டுக்கோ. அதையும் உன்னோடதோட ஒப்பிடாதே. சந்தேகம் இருந்தா சீட்டுல எழுதிவச்சு உன் டாக்டரைக் கேளு.

2. "ஏதாவது வேணும்னா சொல்லு"ன்னு சொல்லவே சொல்லாதே

சொல்ல மாட்டா. நம்ம வளர்ப்பு அப்படி. "வியாழக்கிழமை உன் பையனை டியூஷன்ல இருந்து நான் கூட்டிட்டு வர்றேன்"னு நாளும் வேலையும் சேர்த்துச் சொல்லு. அப்பத்தான் "சரி"ங்கிற ஒரு வார்த்தையில அவளால ஒத்துக்க முடியும்.

சுலப வழி ஒண்ணு இருக்கு. அவ கீமோ தேதியை உன் வீட்டு தினசரி காலண்டர்ல குறிச்சுக்கோ. பல பேருக்கு 21 நாளைக்கு ஒரு தடவை வரும். மருந்து ஏறின முதல் வாரம் அசதியும் குமட்டலும் ஆளை அடிச்சுப் போடும். அப்ப சமையல், பிள்ளைங்க வேலையை எடுத்துக்கோ. பொதுவா 7-ஆம் நாள்ல இருந்து 14-ஆம் நாள் வரைக்கும் ரத்தத்துல வெள்ளை அணுக்கள் குறைஞ்சிருக்கும். அப்ப கூட்டமா போய்ப் பார்க்காதே. உனக்குச் சளி இருந்தா வாசல் பக்கமே போகாதே, போன் பண்ணு. மூணாவது வாரம் கொஞ்சம் தெம்பா இருப்பா. வம்பு பேச, கடைக்குப் போக அதுதான் சரியான நேரம்.

3. பிரியாணியைத் தூக்கிட்டுப் போகாதே

பாசம்தான், ஒத்துக்கறேன். ஆனா கீமோ போட்டவளுக்குத் தாளிப்பு வாசனையே எமன். சூடா இருந்தா வாசனை இன்னும் தூக்கும். அதனால இப்படிச் செய்:

- முதல்ல "இன்னைக்கு எது இறங்குது?"ன்னு கேளு. போன தடவை பிடிச்சது இந்தத் தடவை பிடிக்காது.
- வாய்ப்புண் இருந்தா காரம், புளிப்பு, ஊறுகாய் கூடாது. குழைய வடிச்ச சாதம், இட்லி, ஆறின பருப்புக் கஞ்சி போதும்.
- வெள்ளை அணுக்கள் குறைஞ்ச வாரத்துல பச்சைக் காய்கறி, கடையில நறுக்கி வச்ச பழம், ரோட்டோர ஜூஸ் வேண்டவே வேண்டாம். எல்லாம் வெந்திருக்கணும்.
- சின்ன டப்பாவுல கொடு. பெரிய தூக்கைப் பார்த்தாலே அவளுக்கு மலைப்பா இருக்கும்.
- திருப்பிக் கேட்காத டப்பாவா கொடு. பாத்திரம் கழுவித் தர்ற வேலையை அவ தலையில கட்டாதே.

4. காய்ச்சல்னா வைத்தியம் சொல்லாதே, வண்டியை எடு

மத்ததை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. கீமோவுல இருக்கிறவளுக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டா, ராத்திரி 2 மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணணும். "ஒரு மாத்திரை போட்டுத் தூங்கு, காலையில பார்க்கலாம்"னு சொல்றவ தோழியே இல்லை. மாத்திரை சூட்டைத்தான் மறைக்கும். உள்ளே கிருமி அதுபாட்டுக்குப் பரவும்.

என் ரெண்டாவது கீமோ முடிஞ்ச பத்தாவது நாள் காய்ச்சல் வந்துச்சு. யாரையும் எழுப்ப வேண்டாம்னு மாத்திரை போட்டுப் படுத்துட்டேன். விடிஞ்சப்ப எழுந்து நிக்க முடியலை. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில கிடந்தேன். அந்த முட்டாள்தனத்துக்கு இன்னைக்கும் என்னை நானே திட்டிக்கறேன். உன் தோழி வீட்டுல தெர்மாமீட்டர் இருக்கான்னு இன்னைக்கே கேளு. இல்லைன்னா வாங்கிக் கொடு. பூச்செண்டை விட விலை கம்மி.

5. "முடிதானே, வளர்ந்துடும்"னு சொல்லாதே

வளரும்னு அவளுக்கும் தெரியும். தலையணையில கொத்தா கிடக்கிறதைப் பார்க்கிறவ அவ, நீ இல்லை. முடி கொட்டுற மருந்தா இருந்தா, முதல் கீமோ போட்ட ரெண்டு மூணு வாரத்துல ஆரம்பிச்சுடும். அதுக்கு முன்னாடியே குட்டையா வெட்டிக்கச் சொல்லு, கூடப் போ. புருவமும் இமையும்கூடப் போகலாம். முன்கூட்டியே சொல்லிவை, இல்லைன்னா கண்ணாடியைப் பார்த்துப் பயந்துடுவா.

விக் வாங்கினா வாங்கட்டும், கல்யாணத்துக்கு ஆகும். சித்திரை வெயில்ல அதைப் போட்டுட்டு அடுப்படியில நிக்க முடியாது. பழைய காட்டன் துப்பட்டாதான் தெய்வம். "திருப்பதிக்குப் போயிட்டு வந்தீங்களா?"ன்னு தெருவுல கேட்பாங்க. "ஆமா, லட்டு தீர்ந்துபோச்சு"ன்னு சொல்லிட்டு நடக்கச் சொல்லு. எல்லாருக்கும் விளக்கம் கொடுத்துட்டு இருக்க அவ கடமைப்படலை.

6. அவ கையில இருக்கிற பையை வாங்கு

அக்குள்ல நெறிக்கட்டிகளை எடுத்திருந்தா அந்தப் பக்கக் கை வீங்க வாய்ப்பு உண்டு. ஆபரேஷன் ஆன புதுசுல தண்ணிக் குடம், மாவுத் தூக்கு, சிலிண்டர் எதையும் அவளைத் தூக்க விடாதே. அதுக்காக "கையை அசைக்கவே அசைக்காதே"ன்னும் பயமுறுத்தாதே. அசைக்காம வச்சா தோள் இறுகிடும். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியை வீடியோ கால்ல ரெண்டு பேரும் சேர்ந்து செய்யுங்க. சுவர்ல விரலால ஏறுற பயிற்சிக்கு, எட்டின இடத்துல பென்சிலால ஒரு கோடு போடச் சொல்லு. அடுத்த வாரம் கோடு மேலே போயிருக்கும். எந்த ஆறுதல் பேச்சும் அந்தக் கோட்டுக்கு ஈடாகாது.

பழைய வளையல் திடீர்னு இறுகினா டாக்டர்கிட்ட காட்டணும். நாளைக்குப் பார்க்கலாம்னு விடாதே.

நோய் வந்தவளுக்கு நோய் வந்தவளே கை கொடுக்கிறது புதுசும் இல்லை. நியூயார்க்குல தெரேஸ் லாசர்னு ஒரு அம்மா. 1952-ல மார்பை எடுத்த பிறகு, தன்னை மாதிரி ஆபரேஷன் ஆனவங்களைப் படுக்கை படுக்கையா தேடிப் போனாங்க. கையில கொண்டு போனது ரப்பர் பந்து, கயிறு, உள்ளாடைக்குள்ள வைக்கிற தற்காலிக மார்பு. டாக்டர்களே முகம் சுளிச்சாங்க. ஆனா 1969-ல அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்த வேலையை எடுத்துக்கிச்சு. அந்த அம்மா தூக்கிட்டுப் போனது எல்லாம் கைக்கு வேலை கொடுக்கிற சாமான் பாரு.

7. டெய்லர்கிட்ட கூடப் போ

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வரும்போது விலாவுல குழாயும், அதுல தொங்குற டப்பாவும் சில பேருக்கு இருக்கும். பழைய காட்டன் புடவையில ஒரு சின்னப் பையும் நீளமான வாரும் தைச்சுக் கொடு. கழுத்துல மாட்டிக்கலாம், ரெண்டு கையும் காலியா இருக்கும். நைட்டி முன்பக்கம் முழுசாத் திறக்கிற மாதிரி இருக்கட்டும். தலைவழியா மாட்டுறது ஆகாது.

புண் ஆறின பிறகு பிளவுஸ் பிரச்சினை வரும். "ஒரு பக்கம் உள்ளே பை வச்சுத் தைங்க"ன்னு ஆண் டெய்லர்கிட்ட சொல்லக் கூசி, வருஷக்கணக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திட்டு நடக்கிறவங்களை எனக்குத் தெரியும். நீ போய்ச் சொல்லு. உனக்குத் தைச்ச டெய்லரம்மா இருந்தா நம்பரைக் கொடு. அந்தப் பக்கத்துக் கை மட்டும் கொஞ்சம் தளர்வா இருக்கணும்னும் சொல்லிடு.

8. ஃபார்வர்டு பண்ற விரலை அடக்கு

முள் சீத்தாப்பழம் கீமோவை விட ஆயிரம் மடங்கு சக்தியாம், சர்க்கரையை நிறுத்தினா கட்டி கரைஞ்சுடுமாம். வர்றதை எல்லாம் தள்ளி விடாதே. சில மூலிகைகள் கீமோ மருந்தோட மோதும், கல்லீரலைக் கெடுக்கும். இன்னொரு கெடுதலும் இருக்கு. "நான் ஸ்வீட் சாப்பிட்டதாலதான் வந்துச்சோ"ன்னு அவ தன்மேலயே பழி போட்டுக்குவா. எதுவா இருந்தாலும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான் வாய்க்குள்ள போகணும்.

வாட்ஸ்அப் குரூப் வச்சிருந்தா மூணு சட்டம்: குட்மார்னிங் படம் கிடையாது. அடுத்தவ ரிப்போர்ட்டைப் படம் பிடிச்சுப் போடுறது கிடையாது. பதில் வரலைன்னு கோபம் கிடையாது.

9. வழி தெரிஞ்சவ வழி காட்டு

புதுசா வந்தவளுக்குத் தத்துவம் வேண்டாம். எந்த கவுன்டர், எத்தனை மணிக்கு டோக்கன், எந்தத் தாளுக்கு எத்தனை ஜெராக்ஸ், இதைச் சொல்லு. தேதி வாரியா ஒரே ஃபைல், ஒவ்வொரு தாளையும் போன்ல ஒரு போட்டோ. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு கேளு. சிகிச்சைக்கு ரயில்ல வர்ற புற்றுநோயாளிக்கும் துணைக்கு வர்றவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரிச் சான்றிதழ் வாங்கணும். வெளியூர்க்காரிங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது.

பொம்பளைங்க கூடி என்ன ஆகப் போகுதுன்னு யாராவது கேட்டா அடையாறைக் காட்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவங்க. அந்தத் துக்கத்தோட இந்திய மாதர் சங்கத்தைச் சேர்த்துக்கிட்டு நிதி திரட்டி, 1954-ல 12 படுக்கையோட ஆரம்பிச்சதுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. உன்னை ஆஸ்பத்திரி கட்டச் சொல்லலை. கவுன்டரைக் காட்டு, போதும்.

10. பேசக் கூடாத இடத்துல பேசாதே, போகவேண்டிய இடத்துக்குப் போ

வீட்டுக்காரரைப் பத்தி அழுதா கேட்டுக்கோ, தீர்ப்புச் சொல்லாதே. நாளைக்கு அவங்க ராசியாயிடுவாங்க, நீ கெட்டவ ஆயிடுவே. மாமியார் தட்டையும் டம்ளரையும் தனியா எடுத்து வைக்கிறாங்கன்னு சொன்னா, ஒரு நாள் போய் அந்தத் தட்டுல சோறு வாங்கி, அவங்க எதிர்லயே உட்கார்ந்து சாப்பிட்டுட்டு வா. தொத்து நோய் இல்லைன்னு வாயால சொல்றதை விட அது சீக்கிரம் புரியும்.

நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவின தோழி இருப்பா. அவகிட்ட "எப்ப ட்ரீட்மென்ட் முடியும்?"னு கேட்காதே. அவளுக்கு மருந்து தொடர்ந்துட்டேதான் இருக்கும். அதோடயே சமைச்சு, வேலைக்குப் போய், சினிமா பார்த்து வாழ்றா. அக்டோபர் வந்தா ரோஸ் கலர் ரிப்பன் குத்திட்டு "நாங்க ஜெயிச்சுட்டோம்"னு நாம போட்டோ எடுக்கும்போது, அவ ஓரமா நிப்பா. அப்ப அவ தோத்தவளா? அந்த வார்த்தையே வேண்டாம்.

ஒருத்தி போயிட்டா மறைக்காதீங்க. கூட்டத்துல அவ பேரைச் சொல்லுங்க. போய்ப் பார்க்க முடிஞ்சவங்க போங்க. பயமா இருக்கிறவங்க வீட்டுல இருங்க, அது பாவம் இல்லை. உனக்கு ஸ்கேன் இருக்கிற வாரம், "இந்த வாரம் என்னால முடியலைம்மா"ன்னு நீயும் ஒதுங்கிக்கலாம். தோழி தூங்காம, சாப்பிடாம, "இருந்து என்ன பிரயோஜனம்"னு பேச ஆரம்பிச்சா, அது உன் தலையில சுமக்கிற பாரம் இல்லை. அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லு, மனநல ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போ.

கீமோ பையில மறக்காம வைக்க வேண்டியவை

- ஃபைல், காப்பீட்டு அட்டை, பேனா
- ஏசிக்குப் போர்த்திக்க ஒரு சால்வை
- கொதிக்க வச்சு ஆறின தண்ணி
- துணைக்கு வர்றவருக்குச் சாப்பாடு (அவரும் பட்டினி கிடக்கக் கூடாது)
- போன் சார்ஜர்
- எலுமிச்சம்பழம் 2. ஒண்ணு உனக்கு.