கணிப்பொறியின் திரை இருண்டால்

கூட்டுறவுச் சங்கங்களின் பேரேடும் நாள்வழியும் கணிப்பொறிக்குள் குடிபுகுந்து ஆண்டுகள் சில ஆயின. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. அதன் அப்போதைய மதிப்பீடு 2,516 கோடி ரூபாய். நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, நெசவுக் கூலி, சேமிப்புப் பிடித்தம் ஆகியவற்றைப் பொறியில் எழுதும் வழக்கம் பரவி வருகிறது. ஆதலின், ஒரு நாள் காலையில் பொத்தானை அழுத்தியும் திரையில் ஒன்றும் தோன்றாவிடில், கூலி பெற வந்த நெசவாளரும் பயிர்க்கடனுக்கு வந்த குடியானவரும் வெறுங்கையுடன் வீடு திரும்ப நேரிடுகிறது. அத்துடன் நின்றாலும் பாதகமில்லை. “கணக்கே அழிந்துபோயிற்றாம்” என்ற பேச்சு மாலைக்குள் தெருவெங்கும் பரவிவிடுகிறது. காரியதரிசியின் மீது ஐயம் கொள்வாரும் தோன்றுகின்றனர். இவ்விஷயத்தை அங்கத்தினர் அனைவரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம் என்று நாம் கருதுவது இது பற்றியே.

முதலில் அறியவேண்டியது ஒன்று உண்டு. திரை இருண்டது என்றால் திரை இருண்டது என்பதே பொருள். கணக்கு அழிந்தது என்பதன்று. மேசைக் கணிப்பொறி என்பது ஒரே பொருள் அன்று. படம் காட்டும் மானிட்டர் ஒன்று. கணக்கிடும் பெட்டி ஒன்று. பெட்டிக்குள் மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் எஸ்.எம்.பி.எஸ்., எல்லா உறுப்புக்களையும் இணைக்கும் மதர்போர்டு, அதன்மீது அமர்ந்த சில்லாகிய சி.பி.யூ., வேலை நடக்கும் நேரத்துக்கு மட்டும் நினைவில் வைக்கும் ராம், நிலையாகச் சேமித்து வைக்கும் டிஸ்க் என்பன தனித்தனியே உள்ளன. (நம்மவர் பெட்டி முழுவதையுமே சி.பி.யூ. என்று அழைக்கின்றனர்; வழக்கில் வந்துவிட்டதை மாற்ற இயலாது.) கணக்கு இருப்பது டிஸ்கில். திரை இருள்வதற்குரிய காரணங்களில் மிகப் பெரும்பாலானவை டிஸ்கைத் தீண்டுவதே இல்லை. மேற்சொன்ன திட்டத்தில் சேர்ந்த சங்கங்களிலோ, பொது மென்பொருளில் ஏற்றிய கணக்கு ஊர் அலுவலகப் பெட்டியில் இராமல் தொலைவிலுள்ள பொதுச் சேமிப்பில் இருக்கிறது. அங்கே பெட்டி முழுவதும் எரிந்துபோயினும் ஏற்றிய கணக்கு எரிவதில்லை.

பம்புசெட்டு தண்ணீர் இறைக்காவிடில் விவசாயி உடனே மோட்டாரைக் கழற்றுவதில்லை. மின்சாரம் வருகிறதா, பியூஸ் போயிற்றா, புட்வால்வில் கசிவு உண்டா என்று வரிசையாகப் பார்த்த பின்னரே மோட்டாரின் மேல் கை வைக்கிறார். கணிப்பொறிக்கும் வழி அதுவே. எளியதும் செலவற்றதுமான சோதனை முன்னே, பெட்டியைத் திறப்பது பின்னே.

இருண்டது மானிட்டரா, பெட்டியா என்பதே முதற் கேள்வி. மானிட்டரின் ஓரத்தில் சிறு விளக்கு ஒன்று உண்டு. அது எரியவே இல்லையெனில் மானிட்டருக்கு மின்சாரம் சேரவில்லை என்று கொள்ளலாம். அதற்குரிய வயர் மானிட்டரின் பின்புறத்தில் தளர்ந்திருக்கும், அல்லது யு.பி.எஸ்.ஸிலிருந்து நழுவியிருக்கும். விளக்கு எரிந்து, “நோ சிக்னல்” என்ற சொற்கள் திரையில் மிதக்குமாயின் பலர் மானிட்டர் கெட்டதென்று முடிவு செய்கின்றனர். உண்மை நேர்மாறானது. தான் நலமாக இருப்பதாகவும் பெட்டியிலிருந்து படம் வந்து சேரவில்லை என்றும் மானிட்டர் தானே கூறும் சாட்சியம் அது. விளக்கு எரிந்தும் எச்சொல்லும் தோன்றாதபோது, படம் கொணரும் கேபிளை மானிட்டரிலிருந்து கழற்றிப் பார்க்க வேண்டும். நலமான மானிட்டராயின் அப்போதேனும் அச்செய்தி பெரும்பாலும் தோன்றும். மற்றுமொரு சோதனை: அறையைச் சற்று இருட்டாக்கி டார்ச் விளக்கைத் திரையின் மீது சாய்வாகப் பிடித்தால் சில வேளைகளில் படம் மங்கலாகத் தெரியும். அவ்வாறு தெரிந்தால் படம் வருகிறது, திரைக்குப் பின்னுள்ள ஒளிதான் அவிந்தது என்பது துணிபு. மானிட்டரை மட்டும் பழுது பார்த்தால் போதும், பெட்டியைத் தொடவேண்டுவதில்லை.

அடுத்தது கேபிள். பழைய வி.ஜி.ஏ. கேபிளின் முனை பெரும்பாலும் நீல நிறத்ததாய் 3 வரிசையில் 15 ஊசிகள் உடையது; இருபுறத் திருகுகளையும் முடுக்காவிடில் மேசையை நகர்த்தும்போது நழுவும். ஊசி ஒன்று வளைந்திருந்தாலும் படம் கெடும். எச்.டி.எம்.ஐ. கேபிளுக்குத் திருகே இல்லையாதலால் அது நழுவுவது இன்னும் எளிது. இவ்விரு வகைக்கும் இடம் உள்ள மானிட்டர்களில், எந்த வழியே வரும் படத்தைக் காட்டுவது என்று தெரிந்தெடுக்கும் பொத்தான் ஒன்று உண்டு. கேபிள் ஒன்றிலும் தெரிவு மற்றொன்றிலும் இருந்தால் திரை வெறுமையாகவே நிற்கும்.

நாம் தணிக்கைக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில், ஆயுத பூசைக்காக அறையைத் துடைத்துப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மீண்டும் இணைத்ததிலிருந்து திரை தோன்றவில்லை. பழுது பார்ப்பவர் வந்து, மதர்போர்டு மாற்றவேண்டும் என்று மதிப்பீடு எழுதித் தந்துவிட்டார். அது நிர்வாகக் குழுவின் கூட்டப் பொருளிலும் ஏறிவிட்டது. பெட்டியின் பின்புறத்தில் படக் கேபிளைச் செருகும் இடங்கள் இரண்டு இருந்தன. ஒன்று மதர்போர்டைச் சேர்ந்தது. சற்றுக் கீழே படுக்கைவாட்டில் அமைந்த மற்றொன்று தனியே பொருத்திய கிராபிக்ஸ் கார்டைச் சேர்ந்தது. கார்டு உள்ள பெட்டியில் கார்டில்தான் கேபிளைச் செருகவேண்டும். மேலே செருகினால் பல பெட்டிகளில் படம் வராது. சி.பி.யூ. வகைகளிலேயே சில, கார்டின்றிப் படம் தரும் ஆற்றல் இல்லாதவை. குழுவின் இளம் அங்கத்தினர் ஒருவர் கேபிளை மேலிருந்து கீழே மாற்றிச் செருகினார், படம் வந்தது. மதிப்பீடு கோப்பிலேயே இருக்கிறது.

கேபிளில் குறையில்லையெனில், பெட்டி விழித்திருக்கிறதா என்று காணவேண்டும். கீபோர்டில் “நம்லாக்” என்னும் பொத்தானை அழுத்தினால் அதற்குரிய சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறுகிறதா என்று பார்ப்பது எளிய வழி. மாறுமாயின் பெட்டி பெரும்பாலும் வேலை செய்கிறது. படம் மட்டுமே தடைப்பட்டிருக்கிறது. அப்போது விண்டோஸ் பொத்தான், கன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டு ‘பி’ என்னும் இரண்டாம் ஆங்கில எழுத்தைத் தட்டினால், விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் படம் காட்டும் பகுதி மட்டும் புதிதாகத் தொடங்கும். கணக்கு எழுதிக்கொண்டிருந்த நடுவில் திரை இருண்டால், பெட்டியை அணைக்குமுன் இதை ஒருமுறை செய்து பார்ப்பது அவசியம். சேமிக்காத பதிவு பிழைப்பது இதனால்தான். பெட்டியைத் தொடங்கும்போது கம்பெனிப் பெயர் தோன்றிப் பின்னர் இருள்வது வேறு வகை. அங்கே உறுப்புக்களைவிட மென்பொருளின் மீதே முதலில் ஐயம் கொள்ளவேண்டும்.

விசிறி சுழல்கிறது, விளக்கும் எரிகிறது, நம்லாக்கோ மாறவில்லை எனில் பெட்டியைத் திறக்கும் நிலை வந்தது. இங்கே ராம்தான் முதற் குற்றவாளி. நெசவாளர் சங்கங்களில் இதனை நாம் விசேடமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. நூல் கிடங்கும் அலுவலகமும் ஒரே கூரையின்கீழ் இருக்குமிடத்தில், பஞ்சுத் துகள் விசிறி வழியே உள்ளே இழுக்கப்பட்டு மெத்தைபோல் படிகிறது. உரக்கிடங்கை ஒட்டிய கடன் சங்கங்களில் ஈரமும் உரத் தூசும் செம்பு வாயைக் கெடுக்கின்றன. ராம் பலகையின் விளிம்பிலுள்ள பொன்னிறத் தொடுமுனைகளில் அழுக்கு ஏறினால் பொறி விழிப்பதில்லை.

செய்யும் முறை இது. மின்சார வயரை முற்றும் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது போதாது. பின்னர் முன்புறப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்சாரம் வடியும். பெட்டியின் இரும்புப் பகுதியைக் கையால் தொட்டு, உடலில் தேங்கிய மின்னூட்டத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். மார்கழி மாதத்து வறண்ட நாளில் விரலிலிருந்து தாவும் ஒரு பொறியே சில்லைக் கெடுக்க வல்லது. ராம் பலகையின் ஓரங்களிலுள்ள கொக்கிகளை விலக்கிப் பலகையை எடுத்து, உலர்ந்த மெல்லிய துணியால் தொடுமுனைகளைத் துடைத்து, “டக்” என்ற ஓசை எழும்வரை இரு முனைகளையும் சமமாக அழுத்திப் பொருத்த வேண்டும். பலகை இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். எது கெட்டது என்பது தானே வெளிப்படும். ராமை மாற்றிய புதுவகைப் பொறிகள் சில, முதல்முறை தொடங்கும்போது சில நிமிடம் திரை காட்டாமல் இருக்கும். பொறுமையிழந்து அணைத்துவிடலாகாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எவரும் திறக்க வேண்டா. வயரைப் பிடுங்கிய பின்னும் அதனுள் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தேங்கி நிற்கக்கூடும்.

விசிறியே சுழலாவிடில் குறை மின்சார வழியில் இருக்கும். வேறு பிளக்கில் செருகிப் பார்ப்பதும், பெட்டியின் பின்னுள்ள சிறு சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று காண்பதும் நம் வேலை. மீதி பழுது பார்ப்பவருடையது. பெட்டி எழுப்பும் “பீப்” ஓசைகளின் எண்ணிக்கையையும், பொத்தான் விளக்கு இன்ன நிறத்தில் இத்தனை முறை மின்னுகிறது என்பதையும் தாளில் குறித்து அவரிடம் தரவேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அவற்றின் பொருள் வேறாதலின் நாமே ஊகிப்பது பயன் தராது. கையேட்டில் விளக்கம் இருக்கும்.

மதர்போர்டில் நாணயம் போன்ற சிறு பாட்டரி ஒன்று உண்டு, சி.ஆர். 2032 என்பது அதன் பெயர், அளவு 3 வோல்ட். பொறி அணைந்திருக்கும்போது நாளையும் நேரத்தையும் காப்பது அதுவே. பழுது பார்ப்பவர் அமைப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்புவதற்காக அதனைக் கழற்றி மாட்டுவது உண்டு. திரை வந்த மகிழ்ச்சியில் எவரும் கவனியாத ஒன்றை, தணிக்கைப் பொறுப்பில் உள்ளோர் என்ற முறையில் இங்கே சொல்லியாக வேண்டும். பாட்டரியை எடுத்ததும், அல்லது அது தீர்ந்ததும், பொறியின் நாள் பல ஆண்டு பின்னோக்கிச் சென்றுவிடும். பெட்டியின் நாளையே எடுத்துக்கொள்ளும் மென்பொருளாயின், அன்று கட்டிய தவணை என்றோ கட்டியதாகப் பதிவாகும், வட்டி தவறும், கெடு தவறாதவர் கெடு தவறியவர் ஆவதும் கூடும். ஆதலின் பழுது நீங்கிய பொறியில் முதல் ரசீது போடுமுன் மூலையிலுள்ள நாளைச் சுவரிலுள்ள நாட்காட்டியுடன் ஒப்பிட வேண்டும். பாட்டரியின் விலை அற்பம்.

பொறி இருண்ட நாளில் சங்கத்தின் கதவைச் சாத்துவதை நாம் ஒப்புவதில்லை. வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் ஒன்று ஒவ்வொரு சங்கத்திலும் இருப்பில் இருக்கட்டும். அன்றைய வரவைக் கையால் எழுதி ரசீது தந்து, பொறி விழித்ததும் அந்நாளைக்கே பதிந்து, கைரசீதின் எண்ணையும் குறிப்பில் எழுதிவிடலாம். கடன் கட்ட இருபது கல் நடந்தோ பேருந்தேறியோ வந்தவரை நாளை வரச்சொல்வது கூட்டுறவு ஆகாது.

பெட்டியை வெளியே கொண்டுசெல்ல நேர்ந்தால், டிஸ்கைக் கழற்றிச் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் கொடுப்பதே தக்கது. திரை வராத குறையைக் கண்டறிய டிஸ்க் தேவையில்லை. கொடுத்த உறுப்புக்களின் வரிசை எண்களைப் பதிவேட்டில் எழுதி, பெற்றுக்கொண்டவரின் கையொப்பம் வாங்கவேண்டும். “பார்மட் செய்தால் சரியாகிவிடும்” என்று எவரேனும் கூறினால் அங்கே உரையாடலை நிறுத்திக்கொள்ளலாம். பார்மட் என்பது டிஸ்கைத் துடைப்பது. இருண்ட திரைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

மதர்போர்டை மாற்றியே தீரவேண்டிய சங்கங்களுக்கு இன்னும் ஒன்று. விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்னும் ஏற்பாடு உண்டு; சில பெட்டிகளில் அது நாம் கேளாமலே இயங்குகிறது. மதர்போர்டு மாறியதும் அது ஐயுற்று, 48 இலக்கம் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். அவ்வெண் இல்லாவிடில், பழுதற்ற டிஸ்கில் பத்திரமாக உள்ள கணக்கை நம்மாலேயே திறக்க இயலாது. பொறி நலமாக இருக்கும் இன்றே அவ்வெண்ணைத் தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டி, தலைவரும் காரியதரிசியும் கையொப்பமிட்டு, சங்க முத்திரை இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிட வேண்டும். அடுத்த தணிக்கைக்கு வரும்போது அவ்வுறையைக் காட்டுமாறு கேட்போம்.