வெள்ளி ரூபாயாகும் கணக்கு

நம் சங்கத்து அன்பர்கள் பலருக்குச் சிங்கப்பூரில் உற்றார் உறவினர் உளர். அவர்கள் மிச்சம் பிடித்து அனுப்பும் வெள்ளியில்தான் நம்மில் சிலருடைய விடுதிக் கட்டணமே கழிகிறது. என் அத்தான் அங்கே கப்பல் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார். அக்காளுக்குப் பணம் அனுப்பும்போதெல்லாம் எவ்வழியாக அனுப்புவது என்று என்னைத்தான் கேட்பார். பௌதிகம் படிப்பவனுக்குக் கணக்கு வரும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

அனுப்பும் செலவு இருவகைப்படும். ஒன்று, ரசீதில் தெரியும் கட்டணம். மற்றொன்று, மாற்று விகிதத்தில் மறைந்திருப்பது. சந்தையில் அன்று வெள்ளிக்கு என்ன விலையோ, அதைவிடச் சற்றுக் குறைத்தே நமக்குத் தருவார்கள். அந்த இடைவெளியும் அவர்களுடைய வருமானமே. "கட்டணம் இல்லாத கடை இருக்கும்போது, தம்பி, ஆறு வெள்ளியை ஏன் தண்டம் அழ வேண்டும்?" என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தருமத்துக்கு யாரும் கடை வைப்பதில்லை.

ஓர் உதாரணம் கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கச் சந்தை விலை வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைப்போம். முதற்கடையில் கட்டணம் இல்லை, விகிதம் 63.70. இரண்டாவது கடையில் கட்டணம் 6 வெள்ளி, விகிதம் 64.80. ஆயிரம் வெள்ளி அனுப்பினால் முதற்கடையில் 63,700 ரூபாய் சேரும், இரண்டாவதில் 64,411. இலவசக் கடையில் 711 ரூபாய் நஷ்டம்! ஆனால் நூறு வெள்ளி மட்டும் அனுப்பினால் நிலைமை தலைகீழ்: முதற்கடையில் 6,370, இரண்டாவதில் 6,091.

அப்படியானால் எத்தொகையில் இரண்டும் சமமாகும்? தொகையை 'அ' என்று கொண்டால், 63.70 அ = 64.80 (அ − 6). இதிலிருந்து அ ஏறத்தாழ 353 வெள்ளி. அதற்குக் கீழே முதற்கடை, மேலே இரண்டாவது. விகிதம் நாள்தோறும் மாறுமாதலால் இந்த எண்ணை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒவ்வொரு முறையும் கையில் எத்தனை ரூபாய் வந்து சேரும் என்று கேட்டு, அதை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

பணத்தைச் சேர்த்து வைத்து ஒரே தடவையாக அனுப்பினால் லாபந்தானே என்று தோன்றும். ஆனால் அரிசிக்கும் பாலுக்கும் அக்காள் மூன்று மாதம் காத்திருக்க முடியுமா? ஆகவே வீட்டுச் செலவை மாதந்தோறும் அனுப்பிவிட்டு, வீடு கட்டுவதற்கான சேமிப்பை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புமாறு சொன்னேன்.

பாங்கி வழியாக அனுப்பினால் ஏன் சில வேளை தொகை குறைந்து வருகிறது? 1973இல் பெல்ஜியத்தில் நிறுவப்பட்ட 'ஸ்விப்ட்' அமைப்பின் மூலம் பாங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி மட்டுமே அனுப்புகின்றன. பணத்தை அவை தமக்குள் வைத்திருக்கும் கணக்குகளில் வரவு செலவு எழுதித் தீர்க்கின்றன. இரு பாங்கிகளுக்கும் நேரடிக் கணக்கு இல்லையேல் இடையில் மூன்றாவது பாங்கி புகும். அதுவும் தன் கூலியைப் பிடித்துக்கொள்ளக் கூடும். சிறு தொகைக்கு இவ்வழி ஏற்றதன்று. 2023 பிப்ரவரி 21 அன்று நம் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பே-நவ்வும் இணைக்கப்பட்டன. இதில் சேர்ந்துள்ள பாங்கிகளில் கணக்கு இருப்பின் கைப்பேசியிலேயே அனுப்பிவிடலாம். விகிதத்தை மட்டும் இங்கும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி உண்டியல். அங்கே வெள்ளியை வாங்கிக்கொண்டு இங்கே ஆள்மூலம் ரூபாயைக் கொடுப்பது. விகிதம் கவர்ச்சியாகவே இருக்கும். ஆனால் 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டப்படி இது குற்றம். சிங்கப்பூரிலும் உரிமம் இன்றி இத்தொழில் நடத்தலாகாது. பணம் வராமற் போனால் காட்டுவதற்கு ரசீதும் இராது. எங்கள் தெருவில் ஓர் அம்மாள், மகன் அனுப்பியதாகச் சொன்ன தொகைக்காக ஒரு பொங்கல் முழுவதும் வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்.

எந்தக் கணக்கில் வந்து சேருகிறது என்பதும் முக்கியம். வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே தம் பெயரில் 'என்.ஆர்.இ.' கணக்குத் தொடங்கலாம். அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. அசலும் வட்டியும் தடையின்றி மீண்டும் வெளிநாடு செல்லலாம். அக்காளின் சாதாரணக் கணக்கில் விழுந்த பணமோ திரும்பிப் போக வேண்டுமானால், ஆண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் என்ற வரம்புக்குள், படிவங்கள் எழுதித்தான் போகும். வரம்பு நமக்கெல்லாம் மிகப் பெரிதுதான், அலைச்சல்தான் தொல்லை. அத்தான் இப்போது வீட்டுச் செலவை அக்காள் கணக்குக்கும், சேமிப்பைத் தம்முடைய என்.ஆர்.இ. கணக்குக்கும் பிரித்து அனுப்புகிறார்.