சொன்ன தேதியும் காத்திருக்கும் ரசிகர்களும்

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல் பிரிவு)

"ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையா?" என்று எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்பார்கள். சோறு வெந்து இறங்கிய பிறகும் தட்டைத் தட்டுகிறவனைப் பார்த்துச் சொல்வது அது. ஆனால் உலை வைத்தவரே "பத்து நிமிஷத்தில் சோறு ரெடி" என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் ஆக்கினால்? அப்போது யாரைக் குறை சொல்வது, பசித்தவனையா, ஆக்குகிறவரையா? இந்தக் கேள்வியைத்தான் வீடியோ கேம் கம்பெனிகளையும் அவற்றின் ரசிகர்களையும் வைத்து இக்கட்டுரையில் ஆராய முயல்கிறேன்.

"பேரவை மலரில் எழுத வேறு விஷயமே கிடைக்கலையா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். நாம் படிப்பது நிரல் எழுதும் தொழில். நாளைக்கு வேலைக்குப் போனால் முதல் வாரமே "இது எப்ப முடியும்?" என்று நம்மிடம் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அதனால் இது நமக்கு வேண்டிய பாடம்தான்.

அறிவிப்பு ஏன் முன்கூட்டியே வருகிறது?

ஒரு பெரிய விளையாட்டை உருவாக்க நான்கைந்து வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகிறது. முடியும்வரை கம்பெனி வாய் திறக்காமல் இருக்கலாம். ஆனால் பணம் போட்டவர்கள் கேட்பார்கள். புதிய ஆட்களை வேலைக்கு எடுக்க வேண்டும். முன்பதிவு வாங்க வேண்டும். ஆகவே வேலை பாதியில் இருக்கும்போதே மேடையில் ஏறி முன்னோட்டப் படம், அதாவது டிரெய்லர் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் 1995-இல் தொடங்கிய இ3 என்னும் கண்காட்சி இதற்கென்றே பேர் பெற்றது. 2023 டிசம்பரில் அதை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். கண்காட்சிதான் போனது, அறிவிப்புப் பழக்கம் போகவில்லை.

டிரெய்லர் என்பது கட்டி முடித்த வீடு அல்ல, வாசல் நிலைக்கு மட்டும் வர்ணம் அடித்துக் காட்டுவது. ரசிகர் அதை வீடாகவே பார்க்கிறார். ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். காசு சேர்க்கிறார். லீவு எழுதிக் கொடுக்கிறார். கம்பெனிக்கு அது ஒரு விளம்பரம், ரசிகருக்கு அது வாக்கு. தகராறு தொடங்குவது இங்கேதான்.

1. அதிகம் சொன்னவர்கள்

இங்கிலாந்தில் கில்ஃபோர்டு என்ற ஊரில் ஹலோ கேம்ஸ் என்று ஒரு சிறிய கம்பெனி, 2008-இல் நான்கு பேர் தொடங்கியது. 2013 டிசம்பரில் இவர்கள் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளி விளையாட்டை அறிவித்தார்கள். அந்த மாதமே, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், வெள்ளம் புகுந்து அலுவலகம் நாசமானது. ஆனாலும் விடவில்லை. 2014-இல் இ3 மேடையில் சோனி நிறுவனம் இவர்களைப் பெரிதாக முன்னிறுத்தியது.

அவர்கள் சொன்ன கணக்கு நம் பிரிவு மாணவர்களுக்கு எளிதில் புரியும். ஒரு 64-பிட் எண்ணுக்கு எத்தனை மதிப்புகள் உண்டோ அத்தனை கோள்கள். அதாவது 2-இன் 64-ஆம் அடுக்கு: 1,84,46,74,40,73,70,95,51,616. இத்தனையையும் மனிதர்கள் உட்கார்ந்து வரையவில்லை. ஓர் எண்ணை விதையாகக் கொடுத்தால் சூத்திரமே மலையையும் கடலையும் உண்டாக்கும். அந்தக் கணக்கு உண்மைதான். ஆனால் பேட்டிகளில் நிறுவனர் ஷான் முர்ரே, இதுவும் உண்டு, அதுவும் உண்டு என்று நிறையச் சொன்னார். ஒரு வீரர் இன்னொருவரைச் சந்திக்க முடியும் என்ற எண்ணமும் ரசிகர்களிடம் வளர்ந்தது.

2016 ஜூன் 21 என்று தேதி சொன்னார்கள். மே கடைசியில் அது ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. உடனே கொலை மிரட்டல்கள் வந்தன. தாமதமாகும் என்று முதலில் செய்தி எழுதிய பத்திரிகையாளருக்கும் மிரட்டல் வந்தது. ஒரு விளையாட்டு ஏழு வாரம் தாமதமானதற்கு உயிரை எடுப்பேன் என்பதா? இதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

ஆகஸ்ட் 9-ஆம் தேதி வெளியானது. ஓரிரு நாளிலேயே இரண்டு பேர் ஒரே கோளில் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை! சொன்னவை பலவும் உள்ளே இல்லை என்று ரசிகர்கள் பட்டியல் போட்டார்கள். விளம்பரம் ஏமாற்றுகிறது என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்துக்குப் புகார் போனது. விசாரித்து, ஏமாற்றவில்லை என்று அந்த ஆண்டு நவம்பரில் தீர்ப்பு சொன்னார்கள். ஆனால் சட்டம் விட்டாலும் ரசிகர் மனசு விடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். கம்பெனி வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தது. 2016 நவம்பரில் முதல் பெரிய சீரமைப்பு, இலவசமாக. 2018 ஜூலையில், ஒருவரையொருவர் கண்ணால் பார்த்துச் சேர்ந்து விளையாடும் வசதி, அதுவும் இலவசம். இப்படியே வருடா வருடம். 2019-இல் ரசிகர்களே காசு வசூலித்து, அந்த அலுவலகத்தின் அருகில் நன்றி சொல்லிப் பெரிய விளம்பரப் பலகை வைத்தார்கள். 2023 டிசம்பரில் அதே கம்பெனி தன் அடுத்த விளையாட்டை மேடையில் அறிவித்தபோது வெளியீட்டுத் தேதி எதுவும் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டார்கள்!

2. உறுதியாகச் சொன்னவர்கள்

போலந்து நாட்டின் சிடி புராஜெக்ட் ரெட் கம்பெனி 'சைபர்பங்க் 2077' என்ற விளையாட்டை 2012-இல் அறிவித்தது. முதலில் 2020 ஏப்ரல் 16 என்றார்கள். பிறகு செப்டம்பர் 17. பிறகு நவம்பர் 19. அக்டோபர் 5-ஆம் தேதி, விளையாட்டு 'கோல்டு' ஆகிவிட்டது என்று அறிவித்தார்கள். தட்டு அச்சடிக்க மூலப்பிரதி தயார் என்று இதற்குப் பொருள். இனி தள்ளிப்போகாது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். வேலைக்கு லீவு போடலாமா என்று கேட்ட ஒரு ரசிகருக்கு, சந்தேகமே வேண்டாம் என்று கம்பெனி பதிலும் சொன்னது. மறுநாள், அக்டோபர் 27-இல், மறுபடியும் 21 நாள் தள்ளிவைப்பு!

இங்கேயும் மிரட்டல்கள் வந்தன. அவை யாருக்குப் போயின? நிரல் எழுதுகிறவர்களுக்கு. தேதியைத் தீர்மானித்தவர்கள் வேறு, ராத்திரி பகலாக உட்கார்ந்து பிழை திருத்தியவர்கள் வேறு.

இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. என் அப்பா லாரிப் பட்டறையில் டிங்கர் வேலை பார்ப்பவர். "வெள்ளிக்கிழமை வண்டி எடுத்துக்கலாம்" என்று பார்ட்டியிடம் சொல்வது முதலாளி. வெள்ளிக்கிழமை முடியாது என்று சுத்தியல் பிடித்த எல்லாருக்கும் அப்போதே தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை வந்து நிற்கும் பார்ட்டியின் வாயில் விழுவது அப்பாதான்.

கடைசியில் 2020 டிசம்பர் 10-இல் விளையாட்டு வந்தது. 80 லட்சம் பிரதிகளுக்கு முன்பதிவு ஆகியிருந்தது. பழைய தலைமுறைக் கருவிகளில் அது சரியாக ஓடவே இல்லை. ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. மறுபடி அந்தக் கடையில் வைத்தது 2021 ஜூனில்தான். அந்த ஜனவரியில் நிறுவனர்களில் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி காணொளியில் தோன்றி, முடிவெடுத்தது தாங்கள்தான், வேலை செய்தவர்களைக் குறை சொல்லாதீர்கள் என்று மன்னிப்புக் கேட்டார். அது சரியான செயல். ஆனால் ரசிகர்கள் திரும்பி வந்தது மன்னிப்புக்காக அல்ல. 2023 செப்டம்பர் வரை விடாமல் சீரமைத்து, விளையாட்டை ஏறக்குறைய புதிதாக்கிய பிறகே வந்தார்கள்.

3. ஒன்றும் சொல்லாதவர்கள்

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் டீம் செர்ரி என்று ஒரு கம்பெனி. கைவிரல் விட்டு எண்ணிவிடும் அளவுதான் ஆட்கள். 2019 பிப்ரவரி 14-இல் 'ஹாலோ நைட்: சில்க்சாங்' என்ற விளையாட்டை அறிவித்தார்கள். 2022 ஜூனில் ஒரு மேடையில், பன்னிரண்டு மாதத்துக்குள் வரும் விளையாட்டுகளில் ஒன்றாக அதைக் காட்டினார்கள். 2023 மே மாதம், சொன்ன காலத்துக்குள் வராது என்றார்கள். அதற்கப்புறம் பெரும்பாலும் மௌனம்.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு கேம் நிகழ்ச்சிக்கும் முன்னால் "இன்றைக்கு நிச்சயம் வரும்" என்று நம்பி, வராதபோது தங்கள் முகத்துக்குத் தாங்களே கோமாளி வேஷம் போட்டுப் படம் போட்டார்கள். தினமும் "இன்று செய்தி எதுவும் இல்லை" என்று சொல்லவே ஒருவர் யூடியூப் சேனல் நடத்தினார். கோபம் இருந்தது, ஆனால் சிரிப்பு அதைவிட அதிகம் இருந்தது. அவர்களை ஏமாற்றியதாக யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. இல்லாத எதையும் அவர்கள் இருப்பதாகச் சொன்னதில்லையே!

2025 ஆகஸ்ட் 21-இல் திடீரென்று தேதி வந்தது: செப்டம்பர் 4. இரண்டே வாரம்! எங்கள் விடுதி அறையில் நாலு பேர் சேர்ந்து காசு போட்டோம். என் அறை நண்பன் அதற்காக ஆறாம் வகுப்பிலிருந்து காத்திருந்தவன். நம் ஊர் நேரப்படி சாயங்காலம் ஏழரை மணி. உலகமெல்லாம் ஒரே நேரத்தில் பாய்ந்ததில் விளையாட்டு விற்கும் பெரிய இணையக் கடைகள் எல்லாமே திணறிப்போயின. கணிப்பொறியில் மட்டும் ஒரே சமயம் விளையாடியவர்கள் 5 லட்சத்தைத் தாண்டினார்கள். நாங்கள் நாலு பேரும் ஒரே மடிக்கணினியின் முன்னால் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.

இம்மூன்றிலிருந்தும் தெரிவது

தாமதத்தின் நீளத்துக்கும் கோபத்தின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. ஆறரை வருடம் தாமதித்தவர்களைச் சிரித்துக்கொண்டே வரவேற்றார்கள். 21 நாள் தாமதித்தவர்கள்மேல் கொதித்தார்கள். காரணம், ரசிகர் அந்த வார்த்தையை நம்பித் தன் வாழ்க்கையில் எதையோ மாற்றி வைத்திருந்தார். லீவு போட்டவருக்கு லீவு போனது. கோபம் அந்த லீவுக்காக.

இரண்டாவது, உடைந்த வாக்கை வார்த்தையால் ஒட்ட முடியாது. செய்து காட்டினால்தான் ஒட்டும். அதற்கும் வருடக்கணக்காகும்.

மூன்றாவது ரசிகர்களாகிய நமக்கு. கோபப்பட நமக்கு உரிமை உண்டு. காசைத் திருப்பிக் கேட்கலாம், குறையை எழுதலாம். ஆனால் அந்தப் பக்கம் நிரல் எழுதுகிறவன் நம்மைப் போல ஒருவன் என்பதை மறக்கக் கூடாது. இன்னும் இரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் நாமே இருப்போம்.

என் சொந்தத் தேதி

இந்தக் கட்டுரையை இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் முழு உண்மையையும் சொல்லாவிட்டால் எழுதியதற்கு அர்த்தமில்லை.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். நான் சேர்ந்த நாளிலிருந்து அம்மா தெருவெல்லாம் ஒரு தேதி சொல்லி வைத்திருக்கிறார்: "மே மாசத்தோட படிப்பு முடியுது, ஜூன்ல வேலைக்குப் போயிருவான்." அதை நம்பி ஒரு சீட்டும் போட்டிருக்கிறார். எனக்கோ கணிதத்தில் இரண்டு பேப்பர் அரியர். ஏப்ரலில் கடைசிப் பருவப் பேப்பர்களோடு சேர்த்து எழுத வேண்டும். ஒன்று போனாலும் அக்டோபருக்குத் தள்ளும். ஒரு வருடமாக வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. போனில் கேட்டால் "நல்லா எழுதியிருக்கேன்மா" என்பேன். அதாவது நானும் டிரெய்லர்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரைக்காக மேலே உள்ளவற்றை எழுதி முடித்த இரவு என்னால் தூங்க முடியவில்லை. மறுநாள் காலையில் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. திட்டுவார் என்று பயந்தேன். அவர் கேட்டது இதுதான்: "இதை மொதல்லயே சொல்லியிருந்தா சீட்டைத் தள்ளி எடுக்கிற மாதிரி பேசி வச்சிருப்பேன்ல?"

பெயில் ஆனதற்காக அவர் வருத்தப்பட்டதைவிட, சொல்லாமல் விட்டதற்கே அதிகம் வருத்தப்பட்டார். மூன்று கம்பெனிகளின் கதையை வைத்து நான் பக்கம் பக்கமாக எழுதியதை அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

"அப்ப எப்ப முடியும்?" என்றும் கேட்டார். தேதி சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். "தெனம் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கணக்குப் போடுறேம்மா. எழுதிட்டு எப்படி எழுதினேன்னு உள்ளதை உள்ளபடி சொல்றேன்" என்றேன். "சரி, சாப்பிட்டியா?" என்றார்.

நண்பர்களே, உங்களில் யாராவது வீட்டில் ஒரு தேதி சொல்லி வைத்துவிட்டு, உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தால், இன்றைக்கே போன் செய்துவிடுங்கள். தள்ளிப்போவது தப்பில்லை. தள்ளிப்போகிறது என்று தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் தப்பு.