கண்ணில் கோளாறா? கணினியில் கோளாறா?

இந்த முறை 'கணினி மூலை'யில் எங்கள் சித்தி வீட்டில் நடந்ததை வைத்தே ஒரு பாடம்.

சித்தி வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுப்பார். பழைய லேப்டாப் மக்கர் பண்ணியதால் புதுசு வாங்கினார். 15.6 அங்குலத் திரை. 3840 x 2160 பிக்சல். போட்டோ எல்லாம் அவ்வளவு தெளிவு! ஆனால் அவர் பல வருஷமாகப் பழகிய வடிவமைப்பு மென்பொருளைத் திறந்தால், பட்டன் எல்லாம் கடுகு சைஸ். எழுத்தடிக்கும் பெட்டியில் 3 எது, 8 எது என்றே தெரியலை. ஒரு பத்திரிகையில் 'ஆவணி 13' என்பது 'ஆவணி 18' ஆகிவிட்டது. நல்லவேளை, அச்சுக்குப் போகும் முன் பெண்ணின் அப்பா பார்த்துவிட்டார்.

"எனக்கு வயசாயிடுச்சுடி, கண்ணு போச்சு. இனிமே இந்த வேலை வேணாம்" என்று சித்தி அழாத குறை. கண் டாக்டரிடம் போனால், "பவர் மாறவே இல்லையே" என்கிறார். அப்புறம் கோளாறு எங்கே?

நம்ம கிராப் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 32 கட்டம் அகலத்தில் ஒரு வீடு வரையச் சொன்னால், பெரிய கட்டத் தாளில் வீடு பெரிசாக வரும். பொடிக் கட்டத் தாளில் பொம்மை வீடாக வரும். வரைந்தவர் மேல் தப்பில்லை, கட்டம்தான் சின்னது. திரையின் கட்டம்தான் பிக்சல். பழைய மென்பொருள் "ஐகான் 32 பிக்சல்" என்று எண்ணத்தான் செய்யும், அளக்காது.

இப்போ கணக்கு. பழைய 15.6 அங்குலத் திரையில் 1366 x 768 பிக்சல். பிதாகரஸ் தேற்றப்படி மூலைவிட்டம் சுமார் 1567 பிக்சல். அதை 15.6-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 100. சித்தியின் புதுத் திரையில் இதே கணக்கு 282! ஆக, 8 மில்லிமீட்டர் இருந்த 32 பிக்சல் ஐகான், 3 மில்லிமீட்டர்கூட இல்லாமல் சுருங்கிவிட்டது.

2012-இல் ஆப்பிள் நிறுவனம் 2880 x 1800 பிக்சல் திரையுள்ள மேக்புக் ப்ரோவைக் கொண்டுவந்தது. அடுத்தடுத்து விண்டோஸ் லேப்டாப்களும் அப்படி வந்தன. அதற்கு முன்பே எழுதிய பல மென்பொருள்களுக்கு இந்தத் திரையோடு பழக்கமே இல்லை.

"விண்டோஸே பெரிசாக்கிக் காட்டலாமே?" என்று கேட்பீர்கள். காட்டும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் உள்ள 'ஸ்கேல்' அதற்குத்தான். 100% என்றால் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்கு. 250% வைத்தால் 32 பிக்சல் ஐகானை 80 பிக்சலில் காட்டும். ஆனால் சில மென்பொருள்கள், "இது எனக்கே தெரியும், நானே பார்த்துக்கிறேன்" என்று விண்டோஸிடம் சொல்லிவிடும். விண்டோஸும் நம்பி ஒதுங்கிவிடும். வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்கிவிட்டு, எழுப்பிக் கேட்டால் முழிப்போமே, அந்தக் கதைதான்!

சித்திக்குக் கடையில் சொன்ன வைத்தியம், ரெசல்யூஷனைக் குறைப்பது. ஐகான் பெரிசானது, ஆனால் திரை முழுக்க மங்கல், தலைவலிதான் மிச்சம். காசு கொடுத்து வாங்கிய தெளிவும் போச்சு. ரெசல்யூஷனைத் தொடாதீர்கள். விண்டோஸ் 10, 11-இல் செய்ய வேண்டியது இதுதான்:

1. அந்த மென்பொருளை மூடுங்கள். டெஸ்க்டாப்பில் அதன் ஐகான் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராபர்ட்டீஸ்' போங்கள்.

2. 'கம்பாட்டிபிலிட்டி' பக்கத்தில் 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' பட்டனை அழுத்துங்கள்.

3. கீழே 'ஓவர்ரைடு' என்று தொடங்கும் கட்டத்தில் டிக் செய்து, 'சிஸ்டம்' அல்லது 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

4. ஓகே கொடுத்து, மென்பொருளை மறுபடி திறங்கள்.

'சிஸ்டம்' என்றால் விண்டோஸே இழுத்துப் பெரிசாக்கும். அளவு சரியாகும், கொஞ்சம் மங்கலாக இருக்கும். 2017-இல் வந்த 'என்ஹான்ஸ்டு' பல மென்பொருள்களில் எழுத்தைக் கூர்மையாகவே காட்டும். ஆனால் எல்லாவற்றோடும் ஒத்துப்போகாது. சரிவரவில்லை என்றால் 'சிஸ்டம்' போதும். சில மென்பொருள்களில் உள்ளேயே வழி உண்டு. கிம்ப் 2.10-இல் (2018) ப்ரிஃபரன்சஸ் போய் ஐகான் அளவை மாற்றலாம்.

சித்தி லேப்டாப்பில் இதைச் செய்ய எனக்கு இரண்டு நிமிஷம்தான் ஆனது. திறந்து பார்த்தவர் முதலில் தேடியது அந்த 3-ஐத்தான். "அடியே, தெரியுதுடி!" என்றார். மறுநாளே அடுத்த பத்திரிகைக்கு முன்பணம் வாங்கிவிட்டார்.

நண்பர்களே, வீட்டில் பெரியவர்கள் "எனக்குக் கம்ப்யூட்டர் வராது" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து திரையை ஒருமுறை பாருங்கள். தப்பு அவர்கள் மேல் இல்லாமலும் இருக்கலாம்.

யோசிக்க: 15.6 அங்குலத் திரையில் 1920 x 1080 பிக்சல் இருந்தால், அங்குலத்துக்கு எத்தனை? (விடை: சுமார் 141. போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதைப் படித்தீர்களா?)

– பதினொன்றாம் வகுப்பு மாணவி, கணினி அறிவியல் பிரிவு