விடுமுறையில் ஸ்டோரும் ஒரு பள்ளிக்கூடந்தான்



பள்ளி விடுமுறை வந்தால் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? சின்னதுகள் லயத்து வாசலில் விளையாடுகின்றன. கொஞ்சம் பெரிய பையன் என்றால், "கொழும்புல கடை வேலை இருக்காம்" என்று யாரோ சொல்ல, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறான். சாதாரண தரப் பரீட்சையும் அதோடு போச்சு.

அமெரிக்காவில் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு உற்பத்தித் தொழில் முகாம்கள் நடக்கின்றன. தொழிற்சாலைகளைச் சுற்றிக் காட்டுவார்கள். சிறு பொருள் ஒன்றைத் தங்கள் கையாலேயே செய்யவும் வைப்பார்கள். நமக்கு அப்படி ஓர் இடம் தூரத்தில் இல்லை. நம் தேயிலை ஸ்டோர்தான் அது. அம்மா கொழுந்து பறிப்பது பிள்ளைக்குத் தெரியும். மடுவத்தில் நிறுத்த பிறகு அந்தக் கொழுந்துக்கு என்ன நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆயுத பூசைக்குப் போய்ப் பொரிகடலை வாங்கியதோடு சரி, பல பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது.

தோட்டத் துரையிடமும் டீமேக்கரிடமும் அனுமதி கேட்டு, மூன்று நாள் இப்படிக் காட்டலாம்.

முதல் நாள், கொழுந்து வாட்டும் இடம். பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் தண்ணீர்தான். தொட்டியில் பரப்பி, விசிறிக் காற்றால் பல மணி நேரம் வாட்டுகிறார்கள். இங்கே ஒரு கணக்குக் கொடுங்கள். 100 கிலோ கொழுந்துக்குச் சுமார் 22 கிலோ தேயிலைதான் வரும். மிச்சம் எங்கே போனது? பதில் சொல்லும் பிள்ளை கணிதமும் விஞ்ஞானமும் சேர்த்தே படித்துவிடுகிறது.

இரண்டாம் நாள், ரோலரும் டிரையரும். ரோலரில் இலை நசுங்கிச் சாறு வெளியே வருகிறது. அடுத்தது புளிக்கப் போடுவது. பெயர்தான் அப்படி; தோசை மாவு புளிப்பது வேறு, இது வேறு. காற்றிலுள்ள ஒட்சிசன் சாற்றோடு சேர்வதால் பச்சை இலை செம்பு நிறமாகிறது. டிரையரின் சூடு அதை நிறுத்துகிறது. காய்ந்த தேயிலையில் நூற்றுக்கு 3 பங்கு அளவு ஈரமே மிஞ்சும். ஈரம் கூடினால் தூள் கெட்டுப்போகும்.

மூன்றாம் நாள், சலிக்கும் இடமும் பட்டறையும். பி.ஓ.பி., டஸ்ட் என்று தரம் பிரிவதைப் பார்க்கட்டும். பிறகு மோட்டார், பெல்ட், பெயாரிங் எல்லாவற்றையும் பழுது பார்ப்பவரிடம் பேசட்டும். அந்த வேலையும் ஒரு படிப்பு என்று அப்போது விளங்கும்.

கையால் செய்தும் பார்க்கலாம். 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர், ஆரம்பத்தில் பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையால்தான் உருட்ட வைத்தார். கண்டக்டரையாவிடம் சொல்லி ஒரு கை கொழுந்து வாங்கி, இரவு முழுக்க சுளகில் வாடவிட்டு, காலையில் உள்ளங்கையில் உருட்டி, செம்பு நிறமானதும் சட்டியில் மெல்லிய சூட்டில் காயவைத்தால் பிள்ளையின் சொந்தத் தேயிலை தயார்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது பார்த்துப் படிக்கத்தான், வேலைக்கு அல்ல. 2021 இல் திருத்திய சட்டப்படி 16 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தலைமுடியைக் கட்டி, தொங்கும் துணியில்லாமல் போக வேண்டும். ஓடும் மெசினைத் தொடவே கூடாது.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். தொழிலைக் கண்ணால் பார்த்த பிள்ளை, சாதாரண தரம் முடித்ததும் மின்சாரமா, ஃபிட்டர் வேலையா, வெல்டிங்கா என்று தானே கேட்கும். தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் நைட்டாவிலும் இதற்கெல்லாம் பயிற்சி உண்டு. அங்கே கிடைக்கும் என்.வி.கியூ. சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். பல வருடம் வேலை செய்து கைதேர்ந்த அப்பாமாரும், அனுபவத்தைச் சோதித்துக் காட்டி அதே சான்றிதழை எடுக்கலாம்.

பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். கொழுந்து பறிப்பது மட்டுந்தான் பொம்பளை வேலை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. லயத்துக்கு நாலு பிள்ளையின் பெயரை எழுதி, விடுமுறை தொடங்கும் முன்பே நலன்புரி அலுவலரிடம் கொடுங்கள். பஸ் ஏறிய பிறகு பிள்ளையைத் தேடுவதைவிட, இது சுலபம்.