தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு: பிள்ளைக்கு மின்சார ரயில் பழக்க ஒரு முழுமையான வழிகாட்டி

“டிக்கெட் எடு, பீச் போற வண்டியானு பாரு, படிக்கட்டுல ஏறி பிளாட்பாரத்துக்குப் போ, கதவோரம் நிக்காத, கிண்டியில இறங்கு.” பத்து வயது மகளிடம் ஒரே மூச்சில் சொல்லி, கவுண்டர் முன் நிறுத்தினேன். அவள் கண்கலங்கி நின்றுவிட்டாள். ஐந்து வேலைகள் தலைக்குள் மோதின; எதைத் தொடங்குவது என்று தெரியவில்லை. இந்த வழிகாட்டி அன்று பிறந்தது. பிள்ளை வழிநடத்த, நீங்கள் உடன் போவதற்கானது இது.

முதலில் நீங்கள் போய்வாருங்கள்

ஒரு நோட்டோடு பயணம் செய்து, செய்வதையெல்லாம் எழுதுங்கள். பழகிய கால்களுக்கு எல்லாம் ஒரே வேலை. ‘பிளாட்பாரத்துக்குப் போ’ என்பதற்குள் மூன்று இருக்கின்றன: அறிவிப்புப் பலகையைப் படிப்பது, நடைமேம்பாலத்தில் ஏறுவது, சரியான படியில் இறங்குவது. பிள்ளை திணறும் இடத்தில் மட்டும் பிரியுங்கள். எல்லாவற்றையும் பொடியாக்கினால் அதுவே புதுச் சுமை.

கடைசிப் படியை முதலில் கொடுங்கள்

எனக்குப் பெரிதும் கைகொடுத்தது இதுதான். சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை. முதல் பயணத்தில் எல்லாம் உங்கள் வேலை. பரங்கிமலை தாண்டியதும் “அடுத்தது கிண்டி” என்று சொல்லி எழுவது மட்டும் பிள்ளையின் வேலை. அது பிசகாமல் வந்தபின் நிலையங்களை எண்ணுவது, பிறகு வண்டியைத் தேர்வது, கடைசியில் டிக்கெட். இப்படிப் பின்னிருந்து வந்தால் ஒவ்வொரு பயணமும் ‘நானே கொண்டுவந்து சேர்த்தேன்’ என்ற நிறைவோடு முடியும். டிக்கெட்டில் தொடங்கினால், முதல் தடுமாற்றத்திலேயே மனம் விட்டுப்போகும்.

எட்டு நிலையங்களை மூன்று கொத்தாக்குங்கள்

சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். திரிசூலம், மீனம்பாக்கம். பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி. மூன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கதையை மாட்டுங்கள். 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் சானடோரியம். குரோம் தோல் ஆலையால் வந்தது குரோம்பேட்டை. திரிசூலத்துக்கு எதிரே விமானம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கதை ஒட்டிய பெயர் நழுவாது.

ஏணி ஒன்று வரையுங்கள்

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷிவேலியிலிருந்து கற்றுக்கொண்டது இதைத்தான்: பாடத்தை ஏணிப்படிகளாக்கி, தான் நிற்கும் படியைக் குழந்தையே அறியச் செய்வது. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் அந்த வழியில் வந்தவையே என நினைக்கிறேன். வீட்டில் ஒரு தாளும் கலர் பென்சிலும் போதும். படிகளைப் படமாக வரையுங்கள். முடித்த படிக்கு வண்ணம் தீட்டுவது பிள்ளையின் உரிமை. தம்பி எந்தப் படியில் என்று ஒப்பிட வேண்டாம்.

தவறுக்கும் ஒரு படி

கிண்டியை விட்டுவிட்டால் பதறாமல் சைதாப்பேட்டையில் இறங்கி, அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் செய்வது. வேண்டுமென்றே ஒருநாள் கிண்டியைத் தாண்டிப் போய் இதைப் பழக்குங்கள். தண்டவாளத்தைக் கடப்பது மட்டும் எந்த ஏணியிலும் வராது. அது முதல் நாளே சொல்ல வேண்டிய ‘கூடாது’.

ஏழாவது பயணத்தில் நான் எதிர் இருக்கையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பழவந்தாங்கல் வந்ததும் அவள் இரண்டு விரல்களைக் காட்டினாள்.