கேண்டி கேன் வாங்குவதற்கு முன்

அன்புள்ள நிலா,

மெல்பர்ன் வீட்டுத் தொட்டியில் கோமாளி மீன்கள் இரண்டும் நன்றாக இருப்பதாக உன் அப்பா சொன்னார். அடுத்து கல் பவளம்தான் வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நிற்கிறாயாம். சரி, வாங்கு. முதல் பவளமாகக் கேண்டி கேன் எடு. சிலர் ட்ரம்பெட் என்பார்கள். அறிவியல் பெயர் கௌலாஸ்ட்ரியா. கிரேட் பேரியர் ரீஃபிலும் வளர்வதுதான். ஒவ்வொரு கிளை நுனியிலும் சதைப்பிடிப்பான ஒரு தலை இருக்கும். கடலில் வெட்டியதை விட்டுவிட்டு, தொட்டியிலேயே வளர்த்து ஒடித்த துண்டைக் கேட்டு வாங்கு.

"இதைச் சாகடிக்கவே முடியாது" என்று கடைக்காரர் சொல்வார். பாதி உண்மை. மங்கிய வெளிச்சம், மெதுவான நீரோட்டம், கொஞ்சம் நைட்ரேட் ஏறிய தண்ணீர் எல்லாவற்றையும் இது பொறுத்துக்கொள்ளும். எனக்கு அதுதான் கவலை. அக்ரோபோரா போன்ற தொட்டாற்சிணுங்கிப் பவளங்கள் தண்ணீர் கெட்டால் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். கேண்டி கேன் வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஒரு நாள் பார்த்தால் தலையின் ஓரத்துச் சதை சுருங்கி, வெள்ளை எலும்பு தெரியும். அந்தக் கோளாறு எப்போதோ தொடங்கியிருக்கும். அதனால் பவளத்தின் முகத்தைப் பார்த்துத் தண்ணீரை எடைபோடாதே. தண்ணீரை அளந்து பார்.

எதை அளப்பது? கால்சியம் என்றுதான் எல்லோரும் ஓடுவார்கள். நீ காரத்தன்மையில் தொடங்கு. சோதனைப் பெட்டியில் டிகேஎச் என்று போட்டிருக்கும். நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்துத்தான் பவளம் தன் சுண்ணாம்பு எலும்பைக் கட்டுகிறது. தொட்டி நீரில் கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில் தாராளமாக இருக்கும். கார்பனேட் பக்கத்தில், அதாவது காரத்தன்மையில், கையிருப்பு குறைவு. 20 மில்லிகிராம் கால்சியம் செலவாகும்போது காரத்தன்மை 2.8 டிகேஎச் இறங்கிவிடும். 420, 400 ஆனால் யார் கண்ணிலும் படாது. 8.5, 5.7 ஆனால் பவளத்துக்குப் பஞ்சம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

8-க்கும் 9-க்கும் இடையில் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில். எந்த எண் சிறந்தது என்று சண்டை போடுகிறவர்களை விட்டுத்தள்ளு. ஏற்ற இறக்கம்தான் பவளத்தைக் கெடுக்கும். குறைந்திருந்தால் பதறி, காரத்தன்மையை ஏற்றும் கரைசலை ஒரேயடியாக ஊற்றாதே. ஒரு நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

மற்றவை எளிது. வெப்பம் 25, 26 டிகிரி. உப்பு ஆயிரத்துக்கு 35. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்று, உப்புநீர் வேண்டாம். துண்டைத் தொட்டியின் அடிப்பகுதியில் வை. புது வெளிச்சத்துக்குப் பழகுமுன் மேலே ஏற்றினால் வெளுத்துவிடும். டார்ச் பவளம் ஏதாவது வைத்திருந்தால் எட்டியே இருக்கட்டும். இரவில் அதன் கொட்டும் இழைகள் நீளும்.

கேண்டி கேனின் சதைக்குள் குடியிருக்கும் ஒற்றைச்செல் பாசிகள்தான் வெளிச்சத்தில் உணவு சமைத்து அதன் பசியில் பெரும்பங்கை ஆற்றுகின்றன. இருந்தாலும் விளக்கணைந்த பிறகு இதன் சிறு உணர்கொம்புகள் வெளியே வரும். அப்போது பம்பை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு ஓரிரு முறை உறைந்த மைசிஸ் இறாலை உருக்கித் தலைக்கு ஒன்றாகக் கொடு. மறக்காமல் பம்பைத் திரும்பப் போடு! நன்றாக இருந்தால் ஒரு தலையில் இரண்டு வாய் தோன்றும். பிறகு அது இரண்டு தலையாகப் பிரியும்.

இன்னொன்று. லீவுக்கு ராமேஸ்வரம் வரும்போது கரையில் ஒதுங்கிய பவளத்துண்டை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொள்ளாதே. இந்தியாவில் கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் அதே அட்டவணைதான்.

துண்டு வந்ததும் தினமும் ஒரே நேரத்தில் காரத்தன்மையை அளந்து நோட்டில் எழுது. மூன்று வாரம் ஆனதும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நாளுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்தால், எவ்வளவு கரைசல் ஊற்றுவது என்று இருவருமாகக் கணக்குப் போடலாம்.

அன்புடன்,
சித்தப்பா